சுவர் வழியே மூச்சுவிடும் கணப்பு

டைரக்ட் வென்ட் கேஸ் கணப்பு சமையலுக்கானதல்ல. கனடாவிலும் அமெரிக்காவிலும் பனிக்காலத்தில் அறையைச் சூடாக்க வீட்டுக்குள் வைக்கும் சாதனம் அது. வார்ப்பிரும்பாலோ எஃகாலோ ஆன ஒரு பெட்டி, முகப்பில் தடித்த கண்ணாடி, உள்ளே விறகுக்கட்டை போல வார்த்த பீங்கான் துண்டுகள், அவற்றின் நடுவே மஞ்சள் சுடர். தூரத்திலிருந்து பார்த்தால் விறகடுப்பு என்றே தோன்றும். ஆனால் விறகடுப்பின் கதவைத் திறந்து கட்டை போடலாம். இதன் கண்ணாடியை எரியும்போது திறக்க முடியாது. பெட்டி அறைக்காற்றோடு தொடர்பில்லாமல் இறுக்கமாக அடைக்கப்பட்டது. எரிவதற்கு வேண்டிய காற்று வீட்டுக்கு வெளியிலிருந்து வருகிறது. எரிந்த புகையும் வெளியே போகிறது. அறைக்கு வந்து சேர்வது வெப்பமும் வெளிச்சமும்தான்.

இந்தப் போக்குவரத்து ஒற்றைத் துளையில் நடக்கிறது. குழாய்க்குள் குழாயாக இரண்டு குழாய்கள் சுவரைத் துளைத்துச் செல்கின்றன. பரவலாகப் புழங்கும் அளவில் உள்குழாயின் விட்டம் 4 அங்குலம், வெளிக்குழாய் ஆறரை அங்குலத்துக்குச் சற்று மேல். உள்குழாய் வழியே சூடான புகை வெளியேறும். இரண்டுக்கும் இடைப்பட்ட வளைய இடைவெளியில் குளிர்காற்று உள்ளே வரும். வரும் காற்றைப் போகும் புகை கொஞ்சம் வெதுவெதுப்பாக்குகிறது. வரும் காற்று வெளிக்குழாயை அளவுக்கு மீறிச் சுடாமல் காக்கிறது. அதனால்தான் மரச்சட்டமிட்ட சாதாரணச் சுவரிலேயே குழாயைக் கொண்டுபோக முடிகிறது. செங்கல் புகைபோக்கி கட்ட வேண்டியதில்லை. காற்று வரும் வாயும் புகை போகும் வாயும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால், வெளியே பலமாகக் காற்றடித்தாலும் அழுத்தம் இரண்டையும் ஒன்றுபோல் தாக்குகிறது; சுடர் தடுமாறுவதில்லை. பிரிட்டனில் இதே தத்துவத்தை 'பேலன்ஸ்ட் ஃப்ளூ' என்ற பெயரில் அறைச் சூடேற்றிகளில் வெகுகாலமாகக் கையாண்டு வந்தார்கள். வட அமெரிக்காவில் சுடர் தெரியும் அலங்காரக் கணப்புகளுக்கு இது 1980களின் பிற்பகுதியில் வந்து, பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது.

பெட்டியை ஏன் இப்படி அடைக்க வேண்டும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். இந்தச் சாதனங்களின் வெப்பத்தை பி.டி.யு. என்ற அலகில் சொல்வார்கள். ஒரு பவுண்டு நீரை ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் சூடாக்கத் தேவையான வெப்பம் ஒரு பி.டி.யு.; 3,412 பி.டி.யு. சேர்ந்தால் நம் மின்கட்டணச் சீட்டில் வரும் ஒரு யூனிட். மணிக்கு 30,000 பி.டி.யு. எரிக்கும் நடுத்தரக் கணப்பு ஒரு மணி நேரத்தில் அரைக் கிலோவுக்குச் சற்று அதிகமான மீத்தேனைத் தீர்க்கும். அதற்குக் குறைந்தது எட்டு கன மீட்டர் காற்று வேண்டும். மீத்தேனில் உள்ள ஹைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்ந்து நீராவியாகும். அது மட்டுமே மணிக்கு ஒன்றேகால் லிட்டர் தண்ணீர். புகையை அறைக்குள்ளேயே விடும் 'வென்ட் ஃப்ரீ' கணப்பு என்றால், ஒரு மாலை நேரத்துக்குள் பல லிட்டர் நீராவி வீட்டுக்குள் கலந்து குளிர்ந்த ஜன்னல்களில் வழியும், சுவர் மூலைகளில் பூஞ்சை பிடிக்கும். அதனுடன் நைட்ரஜன் டை ஆக்ஸைடும், எரிதல் பிசகினால் கார்பன் மோனாக்ஸைடும் சேர்ந்துகொள்ளும். கனடாவிலும் கலிஃபோர்னியாவிலும் வீடுகளுக்குள் இந்த வகையை அனுமதிப்பதில்லை. அமெரிக்காவின் வேறு பல மாநிலங்களில் அது இன்னும் விலை குறைவாகக் கிடைக்கிறது. விலையைப் பார்த்து அதை வாங்காமலிருப்பதே நல்லது.

அறைக்காற்றை இழுத்து எரித்து, புகையைப் புகைபோக்கியில் விடும் பழைய வகைக்கு வேறொரு ஆபத்து உண்டு. இன்றைய குளிர்நாட்டு வீடுகள் காற்று கசியாதபடி இறுக்கமாகக் கட்டப்படுகின்றன. சமையலறையில் மேலே மாட்டியிருக்கும் ரேஞ்ச் ஹூட், குளியலறை விசிறி, துணி உலர்த்தும் இயந்திரம் எல்லாம் ஒரே நேரத்தில் காற்றை வெளியே தள்ளினால் வீட்டுக்குள் அழுத்தம் குறையும். அந்தக் குறையை நிரப்பப் புகைபோக்கி வழியாகவே காற்று உள்ளே இறங்கும், புகையும் சேர்ந்து திரும்பும். தாளிப்பு நெடி போக ஹூடை முழு வேகத்தில் ஓடவிடும் வீடுகளில் இது வெறும் ஏட்டுக் கவலை அல்ல. டைரக்ட் வென்ட் பெட்டிக்கு அறையின் அழுத்தத்தோடு சம்பந்தமில்லாததால் இந்தத் தொல்லை அதைத் தொடுவதில்லை.

அதற்காக அதை ஆபத்தே இல்லாத பொருளாக எண்ணிவிடவும் கூடாது. ஒன்ராறியோவின் உட்ஸ்டாக் நகரில் 2008 டிசம்பரில் ஒரு வீட்டின் கேஸ் கணப்பில் புகைவழி அடைபட்டு, கார்பன் மோனாக்ஸைடு வீடு முழுக்கப் பரவி, பெற்றோரும் இரண்டு பிள்ளைகளும் இறந்துபோனார்கள். அந்த வீட்டில் எச்சரிக்கைக் கருவி இல்லை. உறவினர்கள் ஆண்டுக்கணக்கில் போராடியதன் பலனாக 2013இல் அந்தக் குடும்பத்தின் பெயர் தாங்கிய ஹாக்கின்ஸ் கிக்னாக் சட்டம் வந்தது. அந்த மாகாணத்தில் எரிபொருள் எரியும் சாதனமுள்ள வீடுகளில் கார்பன் மோனாக்ஸைடு அலாரம் கட்டாயமானது. நிறமும் மணமும் இல்லாத அந்த வாயுவை மனிதப் புலன்கள் கண்டுபிடிக்க முடியாது. கணப்பு எந்த வகையானாலும், படுக்கையறைகளுக்குப் பக்கத்திலும் ஒவ்வொரு தளத்திலும் அலாரம் இருப்பது முதல் நிபந்தனை. கணப்புக்குப் பணம் ஒதுக்கும்போதே அதற்கும் ஒதுக்கிவிட வேண்டும்.

வாங்கப் போகிறவர்களில் பலர் கடைக்குப் போய், நன்றாக எரியும் ஒன்றைப் பிடித்துப்போய் முன்பணம் கொடுத்துவிட்டு, பிறகுதான் வீட்டில் எங்கே வைப்பது என்று யோசிக்கிறார்கள். அது தலைகீழான வரிசை. முதலில் முடிவாக வேண்டியது குழாய் வெளியேறும் இடம். சுவரின் வெளிப்புறத்தில் குழாய் முடியும் மூடிக்கு எத்தனையோ விதிகள் உண்டு. கனடாவில் பி149.1 என்னும் எரிவாயு நிறுவல் விதித்தொகுப்பும், அமெரிக்காவில் என்.எஃப்.பி.ஏ. 54 என்னும் தொகுப்பும் இவற்றை வகுக்கின்றன. கனடாவில் 10,000 பி.டி.யு.வுக்கு மேற்பட்ட வீட்டுக் கணப்பின் மூடி, திறக்கக்கூடிய ஜன்னலிலிருந்தும் கதவிலிருந்தும் குறைந்தது 30 செ.மீ. தள்ளியிருக்க வேண்டும். தரையிலிருந்தும் 30 செ.மீ. உயரம் வேண்டும். கேஸ் மீட்டரின் ரெகுலேட்டர், வீட்டுக்குள் காற்றிழுக்கும் வேறு துவாரங்கள், மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கூரை, மூலைச் சுவர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இடைவெளி உண்டு. தயாரிப்பாளரின் கையேடு இன்னும் கூடுதலான தூரம் கேட்டால் அதுவே செல்லும்.

சட்டம் சொல்வது குறைந்தபட்சம்தான். பனி எங்கே குவியும் என்பதைச் சட்டத்தைவிட வீட்டுக்காரர் நன்றாக அறிவார். வண்டிப்பாதையைத் துப்புரவாக்கும் பனித்தள்ளு இயந்திரம் பனியை எந்தச் சுவர்ப்பக்கம் வீசுகிறது, வடமேற்குக் காற்று எந்த மூலையில் பனியைச் சேர்க்கிறது என்பதை ஒரு குளிர்காலம் கவனித்தாலே தெரிந்துவிடும். 30 செ.மீ. உயரத்தில் வைத்த மூடியை ஒரே இரவில் பனி மூடிவிடலாம். மூடியைச் சுற்றி வெளியேறும் நீராவி உறைந்து சுவரில் பனிக்கட்டி தொங்கும். கீழே நடைபாதை இருந்தால் அது சொட்டிச் சறுக்கும் தளமாகும். மூடியின் உலோகமே கைபட்டால் கொப்பளிக்கும் அளவுக்குச் சுடும். பிள்ளைகள் விளையாடும் பின்புறத் தளத்தின் பக்கம் முடிந்தால் தவிர்ப்பது, தவிர்க்க முடியாவிட்டால் கம்பிக்கூண்டு போடுவது அவசியம்.

பேஸ்மென்ட்டில் வைப்பதென்றால் சிக்கல் கொஞ்சம் கூடுகிறது. டொராண்டோ வட்டாரத்தில் எத்தனையோ தமிழ் வீடுகளில் பேஸ்மென்ட்டைத் தனிக் குடியிருப்பாக மாற்றியிருப்பார்கள். வீடு முழுவதையும் சூடாக்கும் ஃபர்னஸின் சூடு அங்கே சரிவர எட்டாததால் இப்படியொரு கணப்பைத் தேடுவார்கள். ஆனால் பேஸ்மென்ட்டுச் சுவரின் பெரும்பகுதி மண்ணுக்குள் இருக்கும். சுவரை நேராகத் துளைத்தால் மூடி தரை மட்டத்தை ஒட்டியே வரும். அதற்கென 'ஸ்நார்க்கெல்' எனப்படும் மூடி உண்டு: சுவரைத் தாண்டியதும் குழாய் மேல்நோக்கித் திரும்பி, பனிமட்டத்துக்கு மேலே போய் முடியும். எல்லா மாடல்களும் இதை ஏற்காது. கணப்பின் கையேட்டில் உயரத்துக்கும் படுக்கைவாட்டு நீளத்துக்கும் ஒரு வரைபடம் இருக்கும். அந்த வரைபடத்துக்குள் வீட்டின் குழாய்வழி அடங்குகிறதா என்பதைக் கடைக்காரரோடு உட்கார்ந்து பார்த்துவிட்டே மாடலை முடிவு செய்ய வேண்டும். வீட்டில் பழைய செங்கல் புகைபோக்கி இருந்தால் அதையும் பயன்படுத்தலாம்: வளையும் அலுமினியக் குழாய் இரண்டை உள்ளே இறக்கி, ஒன்றைக் காற்றுக்கும் மற்றதைப் புகைக்கும் விடுவார்கள்.

அடுத்தது எரிபொருள். நகரத்தில் தெருவோடு இயற்கை எரிவாயு வருகிறதென்றால் யோசனைக்கே இடமில்லை. கிராமப்புறங்களில் வீட்டுக்கு வெளியே தொட்டி வைத்து புரோபேன் எரிப்பார்கள். இரண்டுக்கும் ஒரே பர்னர் செல்லாது. ஒரு கன அடி இயற்கை எரிவாயுவில் ஏறத்தாழ 1,000 பி.டி.யு. இருக்கும், அதே அளவு புரோபேனில் 2,500. ஆகவே கேஸ் பாயும் துளையும் ரெகுலேட்டரும் மாற வேண்டும். மாற்றுவதற்கான உதிரிகளைத் தயாரிப்பாளரே தருவார். அதை உரிமம் பெற்றவர்தான் பொருத்த வேண்டும். புரோபேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் மேலே போகாமல் பேஸ்மென்ட்டின் தரையில் தேங்கும். இயற்கை எரிவாயு லேசானது, மேலே எழும். இரண்டிலும் நாற்றமுள்ள வேதிப்பொருளைக் கலந்தே அனுப்புகிறார்கள். அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் எந்தச் சுவிட்சையும் தொடாமல் வீட்டைவிட்டு வெளியேறிய பிறகே தொலைபேசியைக் கையில் எடுக்க வேண்டும். கால்கரி, டென்வர் போல உயரத்தில் உள்ள ஊர்களில் காற்று மெலிந்திருப்பதால் கணப்பின் கொள்ளளவைக் குறைத்துக் கணக்கிடுவார்கள். கடையில் எழுதியிருக்கும் எண் அங்கே அப்படியே கிடைக்காது.

அளவு விஷயத்தில்தான் மிக அதிகமானோர் ஏமாறுகிறார்கள். பெரிதாக வாங்கினால் நல்லது என்ற எண்ணம் கணப்புக்குப் பொருந்தாது. சமையலறையோடு சேர்ந்த 500 சதுர அடிக் கூடம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். புதிதாகக் கட்டி நன்றாகக் காப்பிட்ட வீடு என்றால், கடும் குளிர்நாளில் சதுர அடிக்கு 25 பி.டி.யு. என்பது தோராயக் கணக்கு. மணிக்கு 12,500 பி.டி.யு. போதும். ஒற்றைக் கண்ணாடி ஜன்னல்களும் கசியும் கதவுகளும் உள்ள பழைய வீட்டில் சதுர அடிக்கு 40 வரை போகலாம், அப்போதும் 20,000தான். இது அறைக்கு வந்து சேர வேண்டிய வெப்பம். கணப்பில் எழுதியிருப்பதோ பெரும்பாலும் எரிக்கும் கேஸின் அளவு. நூற்றுக்கு எழுபது பங்குதான் அறைக்கு வருகிறது என்றால், 12,500 கிடைக்க ஏறத்தாழ 18,000 எரிக்க வேண்டும். பழைய வீட்டுக்கு 28,000 அல்லது 29,000. கடைகளில் கண்ணைக் கவரும் பெரிய கணப்புகளோ 35,000, 40,000 என்று இருக்கும். அவற்றை நன்றாகக் காப்பிட்ட சின்னக் கூடத்தில் வைத்தால் கால்மணி நேரத்தில் அறை கொதிக்கும், தெர்மோஸ்டாட் அணைக்கும், பிறகு குளிரும், மறுபடி பற்றும். சுடரைப் பார்த்துக்கொண்டு உட்கார வாங்கிய பொருளின் சுடர் பெரும்பாலான நேரம் அணைந்தே கிடக்கும்.

இன்னும் நம்பகமான கணக்கு வேண்டுமென்றால், கனடாவில் எஃப்280 என்ற தர விதிப்படியும் அமெரிக்காவில் 'மேனுவல் ஜே' முறைப்படியும் வீட்டின் வெப்ப இழப்பைக் கணிப்பவர்கள் இருக்கிறார்கள். சுவர், ஜன்னல், கூரை, கசிவு ஒவ்வொன்றையும் அளந்து, அந்த ஊரின் கடுங்குளிர் வெப்பநிலையை வைத்துக் கணக்குப் போடுவார்கள். கடையில் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி, சுடரை எவ்வளவு தாழ்த்தலாம் என்பது. 30,000லிருந்து 10,000 வரை இறங்கும் கணப்பு, 22,000க்குக் கீழே இறங்காத கணப்பைவிட அக்டோபரிலும் ஏப்ரலிலும் பல மடங்கு சுகமானது. குளிர்காலத்தின் பெரும்பகுதி கடுங்குளிராக இருப்பதில்லை. கணப்பு பெரும்பாலும் தாழ்ந்த சுடரிலேயே வாழ வேண்டியிருக்கும்.

ஒரே மாதிரித் தோன்றும் இரண்டு கணப்புகளில் ஒன்று வெப்பத்துக்காகவும் மற்றது காட்சிக்காகவும் செய்யப்பட்டிருக்கலாம். கடைக்காரர் சொல்லாவிட்டாலும் கணப்பின் அடியிலோ பக்கவாட்டிலோ ஒட்டியிருக்கும் உலோகத்தகடு சொல்லிவிடும். இசட்21.88 என்ற தர எண் இருந்தால் அது வெப்பச் சாதனம், இசட்21.50 என்றிருந்தால் அலங்காரச் சாதனம். அலங்கார வகை கேஸை எரித்து அந்த வெப்பத்தில் கணிசமான பகுதியைச் சுவருக்கு வெளியே அனுப்பிவிடும். வீட்டைச் சூடாக்க வாங்குகிறவர் இந்தத் தகட்டைப் படிக்காமல் பணம் கொடுக்கக் கூடாது. செயல்திறனைச் சொல்லும் எண்களிலும் எச்சரிக்கை வேண்டும். நன்றாகச் சூடேறி நிலையாக எரியும்போது அளந்த சதவீதம் அழகாக இருக்கும். ஒரு பருவம் முழுக்க எரிவது, அணைவது, எந்நேரமும் எரியும் சிறு பற்றவைப்புச் சுடர் தின்பது அத்தனையும் சேர்த்து அளந்த எண் அதைவிடக் குறைவு. கனடாவின் எனர்கைடு என்னும் செயல்திறன் சீட்டில் வருவது இந்த இரண்டாவது எண். பொதுவாக 50க்கும் 70க்கும் இடையில் இருக்கும். இரண்டு கணப்புகளை ஒப்பிடும்போது ஒரே வகை எண்ணை வைத்து ஒப்பிட வேண்டும்.

பற்றவைக்கும் முறை சின்ன விவரம் போலத் தெரியும். குளிர்நாட்டில் மின்சாரம் போகும் இரவில் வீட்டின் நிலையைத் தீர்மானிப்பது அதுதான். பழைய முறையில் பைலட் எனப்படும் சிறு சுடர் இரவும் பகலும் எரிந்துகொண்டிருக்கும். அதன் வாயில் விரலளவு உலோகக் கம்பி ஒன்று நின்று காயும். தெர்மோபைல் எனப்படும் அந்தக் கம்பி, சூட்டினால் மட்டுமே அரை வோல்ட்டுக்குச் சற்று மேல் மின்சாரம் உண்டாக்கும். டார்ச் பேட்டரி ஒன்றின் மின்னழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் கேஸ் வால்வைத் திறந்து வைக்க அது போதும். சுவரில் மின்சாரம் இருக்கிறதா இல்லையா என்பது அந்தக் கணப்புக்குத் தெரியவே தெரியாது. அதே கம்பி பாதுகாப்புக்கும் உதவுகிறது: பைலட் அணைந்தால் கம்பி குளிரும், மின்சாரம் நிற்கும், வால்வு மூடிக்கொள்ளும்.

குறை என்னவென்றால் பைலட்டின் பசி. மணிக்கு 1,000 பி.டி.யு. என்று வைத்தாலும் ஆண்டு முழுக்க எரிந்தால் ஏறத்தாழ 245 கன மீட்டர் கேஸ் வீணாகும். அதனால் புதிய கணப்புகளில் தேவைப்படும்போது மட்டும் தீப்பொறி போட்டுப் பைலட்டைப் பற்றவைக்கும் மின்னணு முறை வந்திருக்கிறது. கனடாவில் 2020 முதல் தயாராகும் கணப்புகளில் எந்நேரமும் எரியும் பைலட்டுக்கு இடமில்லை. மின்னணு முறைக்கு மின்சாரம் வேண்டும். ஆகவே பேட்டரியிலும் இயங்குமா என்று கேட்டு, பேட்டரிப் பெட்டி எங்கே இருக்கிறதென்று கையால் தொட்டுப் பார்த்துவிட்டு வர வேண்டும். சில மாடல்களில் பேட்டரி நிரந்தரமாக உள்ளேயே இருக்கலாம். சிலவற்றில் மின்சாரம் போனபிறகு போட்டால்தான் வேலை செய்யும்.

2013 டிசம்பர் 21, 22 தேதிகளில் டொராண்டோவில் உறைமழை பெய்து, மரக்கிளைகளும் மின்கம்பிகளும் பனிக்கட்டிச் சுமையில் முறிந்து விழுந்தன. அந்த நகரின் மின்வாரியத்தில் ஏறத்தாழ 3 லட்சம் இணைப்புகள் இருளில் மூழ்கின. தமிழர்கள் நெருங்கி வாழும் ஸ்கார்பரோவும் கடுமையாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளில் ஒன்று. பல வீடுகளுக்குக் கிறிஸ்துமஸ் கழிந்தும் மின்சாரம் வரவில்லை. ஃபர்னஸ் கேஸில்தான் எரிகிறது. ஆனால் சூட்டை வீடு முழுக்கத் தள்ளும் விசிறி மின்சாரத்தில் ஓடுகிறது. கேஸ் இருந்தும் வீடுகள் குளிர்ந்தன. கரி அடுப்பையும் ஜெனரேட்டரையும் மூடிய இடத்தில் இயக்கியவர்கள் கார்பன் மோனாக்ஸைடுக்குப் பலியான செய்திகளும் வந்தன. கூடத்தின் மூலையில் மின்சாரம் வேண்டாத ஒரு டைரக்ட் வென்ட் கணப்பு இருந்தால் அப்படிப்பட்ட இரவில் குடும்பமே ஓர் அறையில் கூடிப் பத்திரமாக இருக்கலாம். இந்தச் சாதனத்துக்கு ஆதரவாகச் சொல்லக்கூடிய காரணங்களில் இதுவே ஆக வலுவானது.

வெப்பம் அறைக்குள் பரவும் விதமும் அந்த இரவைப் பொறுத்தே யோசிக்கத்தக்கது. பல மாடல்களில் விசிறி கூடுதல் உதிரியாகக் கிடைக்கும். அது கணப்பின் பின்புறச் சூட்டை முன்னே தள்ளும். சிலருக்கு அதன் இரைச்சல் எரிச்சல் தரும். வாங்குமுன் கடையில் ஓடவிட்டுக் கேட்டுப் பார்க்கலாம். விசிறி இல்லாமலே நன்றாகச் சூடு தரும் மாடல்தான் மின்வெட்டில் கைகொடுக்கும். வார்ப்பிரும்பு மெல்லச் சூடேறி, அணைத்த பிறகும் வெகுநேரம் சூடு விடும். எஃகு சீக்கிரம் சூடேறி, சீக்கிரம் ஆறும். இரவு முழுக்க நிலையான வெதுவெதுப்பு வேண்டுகிறவர்களுக்கு வார்ப்பிரும்பு பொருந்தும். வேலை முடிந்து வந்ததும் உடனே சூடு தேடுகிறவர்களுக்கு எஃகு.

எந்த உலோகமானாலும் சூடு மூடிய கதவுகளைத் தாண்டாது. கூடத்தில் கணப்பு எரிந்தால் கோடியறை குளிர்ந்தே இருக்கும். ஃபர்னஸின் தெர்மோஸ்டாட்டும் அதே கூடத்தில் இருந்தால் வேறொரு வினையும் உண்டு: கூடம் சூடாக இருப்பதால் ஃபர்னஸ் வெகுநேரம் பற்றாமலே இருக்கும், வெளிச்சுவரை ஒட்டிப் போகும் தண்ணீர்க் குழாய்கள் அந்த நேரத்தில் உறைந்து வெடிக்கக்கூடும். கடுங்குளிர் நாட்களில் ஃபர்னஸையும் இடையிடையே ஓடவிட வேண்டும்.

கண்ணாடியைப் பற்றி, குழந்தை உள்ள வீடுகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். எரியும் கணப்பின் கண்ணாடி 200 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சுடும். அணைத்த பிறகும் வெகுநேரம் அந்தச் சூடு போகாது. தவழும் குழந்தை சுடரின் அழகில் மயங்கி இரண்டு உள்ளங்கையையும் அதில் வைத்துவிடும். கண்ணிமைக்கும் நேரத்தில் ஆழமான தீக்காயம் படும். இப்படிப்பட்ட காயங்கள் பெருகியதால், கண்ணாடி 78 டிகிரிக்கு மேல் சுடும் கணப்புகளோடு தடுப்புவலையும் சேர்த்தே தர வேண்டும் என்ற விதி 2015 ஜனவரியில் வட அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய கணப்புள்ள வீடு வாங்கியிருந்தால் வலையைத் தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும். சுடர் தெளிவாகத் தெரியவில்லை என்று வலையைக் கழற்றி வைப்பவர்கள் உண்டு. சிறு குழந்தைகள் இல்லாத வீட்டுக்கும் பேரப்பிள்ளைகள் வருவார்கள். வலை அதன் இடத்திலேயே இருக்கட்டும்.

பொருத்தும் வேலை வீட்டுக்காரருடையதல்ல. ஒன்ராறியோவில் டி.எஸ்.எஸ்.ஏ. என்ற அமைப்பு உரிமம் அளித்த கேஸ் தொழிலாளி மட்டுமே இணைக்கலாம். மற்ற மாகாணங்களிலும் மாநிலங்களிலும் இதற்கு ஒத்த விதிகள் உண்டு. அனுமதிச் சீட்டும் ஆய்வும் இல்லாமல் முடித்த வேலையை விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கேள்வி கேட்கும். முதன்முதலாக எரிக்கும்போது உலோகத்தின் பூச்சு வெந்து இறுகும் நெடி பல மணி நேரம் வீசும். ஜன்னல்களைத் திறந்துவைத்து, குழந்தைகளை வேறிடத்துக்கு அனுப்பிவிட்டு எரிப்பது நல்லது. அதன் பிறகு ஒவ்வொரு முறையும் நடப்பதைப் பார்த்துப் பழகிக்கொள்ளலாம். பற்றிய உடனே கண்ணாடியின் உட்புறம் பனிமூட்டம் போல் மங்கி, சில நிமிடங்களில் தெளியும். சுடர் முதலில் நீலமாக இருந்து, கால்மணி நேரம் சென்று பீங்கான் கட்டைகள் சிவந்ததும் மஞ்சளாகும். உலோகம் விரியும்போது டிக்கென்று சத்தம் வரும். இவையெல்லாம் இயல்பு. கண்ணாடியில் கரி படிவது இயல்பல்ல: கட்டைகள் இடம் பெயர்ந்து சுடரில் முட்டினாலோ, காற்று போதாமல் போனாலோ, குழாய் மூடியில் அடைப்பிருந்தாலோதான் அது வரும். அப்போது கணப்பை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும்.

செலவைப் பார்த்தால், 30,000 பி.டி.யு. கணப்பை முழுச் சுடரில் நாளுக்கு ஆறு மணி நேரம் எரித்தால் ஏறத்தாழ 5 கன மீட்டர் இயற்கை எரிவாயு தீரும். புரோபேன் என்றால் ஏழு லிட்டருக்கு மேல். அதே நேரத்தில் இயற்கை எரிவாயு ஒன்பதரைக் கிலோ கார்பன் டை ஆக்ஸைடை வெளியேற்றியிருக்கும். இந்தக் கடைசி எண்ணையும் வாங்குகிறவர் தராசில் போட வேண்டியிருக்கிறது. மிதமான குளிரில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இரண்டு மூன்று யூனிட் வெப்பம் தரும் ஹீட் பம்புகள் இப்போது பரவலாகிவிட்டன. நியூயார்க் மாநிலம் 2023இல் புதிய கட்டடங்களில் எரிபொருள் எரிப்பதைக் கட்டுப்படுத்தும் சட்டம் இயற்றியது. மான்ட்ரியல் நகரம் 2024 அக்டோபர் முதல் சிறிய புதிய கட்டடங்களுக்கு அப்படியொரு தடையைக் கொண்டுவந்தது. புதிதாக வீடு கட்டுகிறவர் கேஸ் குழாயே இழுக்காமல் இருப்பதை யோசிக்கலாம். ஏற்கெனவே கேஸ் வந்திருக்கும் பழைய வீட்டில், ஃபர்னஸ் எட்டாத ஓர் அறைக்கும் மின்சாரம் அறுந்துபோகும் இரவுகளுக்கும் டைரக்ட் வென்ட் கணப்புக்கு இன்னும் இடமிருக்கிறது.

வாங்கியபின் ஆண்டுக்கொரு முறை, பனி தொடங்குமுன் செப்டம்பரிலோ அக்டோபரிலோ தொழிலாளி வந்து பார்க்க வேண்டும். கண்ணாடியைச் சுற்றியுள்ள கயிறு போன்ற அடைப்பு நைந்திருக்கிறதா, கண்ணாடி சரியாக அமர்ந்திருக்கிறதா, குழாய் இணைப்புகள் விலகியிருக்கின்றனவா, மூடிக்குள் குருவியோ குளவியோ கூடு கட்டியிருக்கிறதா என்று அவர் சோதிப்பார். பர்னரின் தூசியைத் துடைத்து, தெர்மோபைலின் மின்னழுத்தத்தை அளப்பார். கண்ணாடியில் படியும் வெள்ளைப் படலத்தை வீட்டுக்காரரே துடைக்கலாம். கண்ணாடி நன்றாக ஆறிய பிறகு, கணப்புக் கண்ணாடிக்கென்றே விற்கும் திரவத்தால். அம்மோனியா கலந்த சாதாரண ஜன்னல் திரவம் அதற்கு ஆகாது. பெரும் பனி பெய்த ஒவ்வொரு காலையிலும் கணப்பைப் பற்றவைக்குமுன் வெளியே போய், மூடியைச் சுற்றியுள்ள பனியைக் கையுறை போட்டு ஒதுக்கிவிட வேண்டும்.